பழைய கணினி லோக்கல் நெட்வொர்க்கில் சேர மறுத்தால்: கேபிள் முதல் ஷேர் ஃபோல்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளிலும், சிம்மக்கல் பக்கத்துச் சிறு அச்சகங்களிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களின் அலுவலகங்களிலும் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 ஓடும் கணினிகளை இன்றும் பார்க்கலாம். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும் நிறுத்திவிட்டது. இருந்தும் அவை மேசையை விட்டு இறங்காததற்குத் தக்க காரணம் உண்டு. பேரலல் போர்ட்டில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சீரியல் கேபிளில் பேசும் எடை மெஷின், எழுதிக்கொடுத்தவரே இப்போது தொழிலில் இல்லாத பில்லிங் மென்பொருள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு கணினியை நம்பியே இருக்கின்றன.

அப்படிப்பட்ட கணினி ஒரு நாள் காலையில் நெட்வொர்க்கில் சேர மறுத்தால், ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வரும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பழைய டிரைவரும் (ஒரு சாதனத்தை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) மென்பொருளின் பதிவு எண்ணும் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோளாறோ பல நேரங்களில் விண்டோஸுக்குள் இருப்பதே இல்லை. கேபிள், லேன் கார்டு, எண்முகவரி (ஐபி முகவரி), பெயர், அனுமதி என்று கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காகச் சோதிக்க வேண்டும். ஓர் அடுக்கு சரியென்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

“நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடிச்சு, காலையில வந்து பார்த்தா வரல” என்று கடைக்காரர் சொல்லும்போது, இடையில் மாறியது எது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இணைய இணைப்பு கொடுத்தவர்கள் புதிய ரவுட்டர் வைத்துவிட்டுப் போனார்களா? இரவில் இடி மின்னல் இருந்ததா? பெருக்கும்போது மேசையை நகர்த்தினார்களா? கணக்குப் பார்க்கும் கணினியை மாற்றிப் புதிதாக விண்டோஸ் 11 வாங்கினார்களா? இந்த நான்கு கேள்விகளுக்கான பதில்களும் நான்கு வெவ்வேறு அடுக்குகளைக் காட்டுகின்றன. ரவுட்டர் மாறியிருந்தால் எண்முகவரி. இடி என்றால் கார்டு. மேசை நகர்ந்திருந்தால் கேபிள். புதுக் கணினி வந்திருந்தால் கோப்புப் பகிர்வு நெறிமுறை.

அடுத்து, இந்த ஒரு கணினிதான் விலகி நிற்கிறதா, மற்றவையும் விலகிவிட்டனவா என்று பாருங்கள். எல்லாமே விலகியிருந்தால் பழைய கணினியைக் குடையாமல் சுவிட்சையும் (பல கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) ரவுட்டரையும் கவனியுங்கள். சுவிட்சின் அடாப்டர் பலவீனப்பட்டு, விளக்குகள் எரிந்தும் தரவு போகாத நிலை வருவது உண்டு.

வேலையைத் தொடங்கும் முன் பில்லிங் மென்பொருளின் தரவு ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். பல ஆண்டுகள் ஓடிய ஹார்ட் டிஸ்க் மறுபடி உயிர்பெறும் என்று நம்பி அணைக்கக் கூடாது. பென் டிரைவ் எஃப்ஏடி 32 வடிவில் இருந்தால் எக்ஸ்பி தடையின்றிப் படிக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பிறகு, இப்போதைய நெட்வொர்க் அமைப்புகள் எல்லாவற்றையும், தவறாகத் தோன்றினாலும், அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேபிளும் போர்ட்டும்

கேபிளைச் செருகியதும் கணினியின் பின்புறமுள்ள லேன் போர்ட்டில் ஒரு விளக்கு நிலையாக எரிந்து, மற்றொன்று விட்டுவிட்டு மின்ன வேண்டும். சுவிட்சில் அதே கேபிள் போகும் துளையின் விளக்கும் எரிய வேண்டும். இரண்டு முனையிலும் விளக்கு இல்லையென்றால் விண்டோஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை.

நன்றாக இயங்கும் கணினி ஒன்றின் கேபிளையும் அது மாட்டியிருந்த சுவிட்ச் துளையையும் கடன் வாங்கிச் சோதிப்பதுதான் மிக விரைவான சோதனை. அதில் விளக்கு எரிந்தால் பழைய கேபிளிலோ பழைய துளையிலோதான் குறை. எரியாவிட்டால் கணினியின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டுப் பொன்னிறக் கம்பிகளும் ஒரே சரிவில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு கம்பி உள்ளே அமுங்கியிருப்பதையோ, பச்சைக் களிம்பு பூத்திருப்பதையோ, பஞ்சுபோல் தூசி அடைத்திருப்பதையோ அப்போது கண்ணாலேயே காணலாம். பிளக்கின் மேல்புறப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால், செருகும்போது விளக்கு எரியும். கேபினெட்டைச் சுவரோரம் தள்ளியதும் பிளக் நூலளவு பின்வாங்கி விளக்கு அணைந்துவிடும். கிளிப் போன பிளக்கை டேப் ஒட்டி ஓட்டாமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்வதே (புதுப் பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்துவதே) சரி.

கிரிம்ப் செய்யும்போது வண்ண வரிசையில் கவனம் வேண்டும். வழக்கத்தில் உள்ள வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் பிரிந்து நிற்பது இதில் முக்கியம். ‘இரு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும்’ என்று எண்ணி ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கிவிடுபவர்கள் உண்டு. சாதாரணக் கேபிள் டெஸ்டர் அதற்கும் எட்டு விளக்கையும் வரிசையாகக் காட்டிவிடும். ஆனால் முறுக்கிய ஜோடி தரும் பாதுகாப்பு போய்விடுவதால், குட்டையான கேபிளில் வேலை செய்யும் இணைப்பு நீண்ட கேபிளில் தடுமாறும். கேபிளின் நீளம் எப்படியிருந்தாலும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குச் செல்லும் கேபிளைத் தனியாகச் சோதியுங்கள். உட்புறத்துக்கான கேபிளின் மேலுறை மதுரை வெயிலில் நாளடைவில் மொறுமொறுப்பாகி வெடித்துவிடும். பிறகு மழைநீர் உள்ளே இறங்கும். அத்தகைய இடங்களுக்கு வெளிப்புறத்துக்கென்றே விற்கும் கறுப்பு உறைக் கேபிளை வாங்க வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிளே இல்லாமல் ஃபைபரும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வைத்தால், மின்னல் அடிக்கும்போது அந்தக் கம்பி வழியாகப் போர்ட்டுகள் எரிந்துபோவது தவிர்க்கப்படும். செலவு சற்றுக் கூடினாலும் இதையே நான் பரிந்துரைப்பேன்.

சுவிட்ச் இல்லாமல் இரண்டு பழைய கணினிகளை நேரடியாக இணைத்திருந்தால், பழைய கார்டுகளுக்குக் கிராஸ் ஓவர் கேபிள் (ஒரு முனையில் அனுப்பும், வாங்கும் ஜோடிகள் இடம் மாறிய கேபிள்) தேவைப்படலாம். இடையில் ஒரு சாதாரணச் சுவிட்சை வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

லேன் கார்டும் டிரைவரும்

விளக்கு எரிகிறது, ஆனாலும் இணைப்பு இல்லை என்றால், லோக்கல் ஏரியா கனெக்‌ஷனின் ஸ்டேட்டஸ் சாளரத்தைத் திறந்து, அனுப்பியவை, பெற்றவை என்ற இரண்டு எண்களையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். அனுப்பியது ஏறிக்கொண்டே போக, பெற்றது பூஜ்யத்திலேயே நின்றால், கார்டின் வாங்கும் பகுதியிலோ கேபிளின் அந்த ஜோடியிலோ குறை இருப்பதாகச் சந்தேகிக்கலாம். இடிக்குப் பிறகு இந்த அறிகுறி தெரிந்தால், கேபிளை மாற்றிப் பார்த்த கையோடு கார்டையே மாற்ற ஆயத்தமாகுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் என்ற தலைப்பே இல்லாமல் போயிருந்தால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஆன்போர்டு லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். மஞ்சள் குறி இருந்தால் டிரைவர் கோளாறு. அந்தச் சாதனத்தின் விவரப் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி என்ற வரி இருக்கும். அதில் தயாரிப்பாளரைக் குறிக்கும் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். அந்த வரியைக் குறித்துக்கொண்டு, இணையம் உள்ள வேறு கணினியில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைப் பழைய கணினியில் ஏற்றவே வேண்டாம்.

பழுது கார்டிலா விண்டோஸிலா என்று தீர்மானிக்க முடியாதபோது, பப்பி லினக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸை சிடியிலோ பென் டிரைவிலோ எழுதி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். அங்கே நெட்வொர்க் கிடைத்தால் கேபிள், கார்டு, சுவிட்ச் மூன்றும் நலம், கோளாறு விண்டோஸில்தான். இதைவிடத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் சோதனை வேறில்லை.

கார்டு பழுதென்று உறுதியானால், பிசிஐ ஸ்லாட்டில் வேறொரு கார்டைச் செருகி, பயாஸில் ஆன்போர்டு லேனை அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி அடாப்டரும் உதவும். ஆனால் இன்று விற்பவற்றில் பலவற்றுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது என்பதால், வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிங் (மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) எல்லாம் சரியாகப் போகிறது, ஆனால் கோப்பு நகலெடுத்தால் ஆமை வேகம் என்ற புகார் வந்தால், கார்டின் வேக அமைப்பைப் பாருங்கள். எப்போதோ யாரோ அதை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் முறை) என்று நிலையாக வைத்திருப்பார்கள். சுவிட்சோ ஆட்டோவில் இருக்கும். அப்படி இருந்தால் சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கி, இரண்டும் மோதிக்கொள்ளும். இரு பக்கமும் ஆட்டோவில் இருப்பதே நல்லது.

எண்முகவரி

புகார்களில் பெரும்பங்கு இந்த அடுக்கில்தான் தீர்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடியுங்கள். வரும் விடையில் ஐபி முகவரி எப்படித் தொடங்குகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முடிந்து மின்சாரம் வந்ததும், ரவுட்டர் எழுந்து நிற்கும் முன்பே கணினி எழுந்துவிட்டால் இப்படி நேரலாம். ஐபிகான்ஃபிக்குடன் சாய்கோடு போட்டு முதலில் ரிலீஸ், பிறகு ரின்யூ என்று அடித்தால் சரியாகும். ரவுட்டரையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் மறுபடி வராது.

அது 192.168 என்று தொடங்கியும் இணைப்பு இல்லையென்றால், நன்றாக ஓடும் கணினியிலும் அதே கட்டளையை அடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழைய கணினிகளில் முன்பு வேலை செய்தவர்கள் 192.168.1.10 என்பதுபோல நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். ஃபைபர் இணைப்பு வந்து புதிய ரவுட்டர் மாட்டப்படும்போது, அது தன்னை 192.168.29.1 என்றோ 192.168.0.1 என்றோ வைத்துக்கொண்டு, மற்றக் கணினிகளுக்கெல்லாம் அதே தொடரில் முகவரி கொடுக்கும். கைபேசிகளும் புதிய கணினிகளும் சத்தமின்றி மாறிக்கொள்ளும்; நிலையான முகவரி கொண்ட பழைய கணினி மட்டும் பழைய தொடரிலேயே நிற்கும். கதவு எண் சரியாக இருந்தும் தெருவின் பெயர் மாறிவிட்டால் தபால் வராதல்லவா, அதே நிலைதான். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருக்கும் நெட்வொர்க்கில் முகவரியின் முதல் மூன்று பகுதிகளும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவும், கடைசிப் பகுதி ஒவ்வொன்றிலும் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. பழைய கணினியின் முகவரியைப் புதிய தொடருக்கு மாற்றலாம்; அல்லது ரவுட்டரின் முகவரியைப் பழைய தொடருக்கு மாற்றலாம். பில்லிங் மென்பொருளோ பிரிண்டரோ பழைய எண்ணைத் தன் அமைப்புக்குள் எழுதிவைத்திருந்தால் இரண்டாவதே பாதுகாப்பானது. எதைச் செய்தாலும், ரவுட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே உள்ள எண்ணையே நிலையான முகவரியாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் அதே எண் யாருடைய கைபேசிக்காவது போய், முகவரி மோதல் என்ற எச்சரிக்கை திரையில் வரும்.

நிலையான முகவரி கொடுக்கும்போது டிஃபால்ட் கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வழி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்முகவரியாக்குவது) ஆகிய இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். அப்படி விட்டால் பழைய கணினி கடைக்குள் இருக்கும் மற்றக் கணினிகளோடு தாராளமாகப் பேசும். இணையத்துக்கு மட்டும் வழி தெரியாமல் நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத விண்டோஸுக்கு இதுவே பொருத்தமான இடம்.

முகவரியைச் சரிசெய்ததும் பிங் சோதனையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் 127.0.0.1, அடுத்து தன் சொந்த முகவரி, பிறகு ரவுட்டர், கடைசியாக மற்றக் கணினி. முதல் பிங்கே தோற்றால் விண்டோஸின் நெட்வொர்க் பகுதி சிதைந்திருக்கிறது. பழைய ஆன்டிவைரஸை அரைகுறையாக நீக்கிய கணினிகளில் இது நேரும். நெட்ஷெல் (netsh) கட்டளை வழியாக வின்சாக் (winsock) ரீசெட் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 2 முதல் இந்த வசதி உண்டு. ரவுட்டர் பதில் சொல்லிப் புதிய விண்டோஸ் கணினி மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிங்குக்குப் பதிலளிப்பதை அதன் ஃபயர்வால் (நெட்வொர்க் வழி வருவதை வடிகட்டும் பாதுகாப்பு) தடுத்திருக்கலாம்.

பெயரும் ஃபயர்வாலும்

நெட்வொர்க் பட்டியலில் ஒரு கணினியின் பெயர் தெரியவில்லை என்பது, அதை அடைய முடியாது என்பதற்குச் சான்று அல்ல. எக்ஸ்பி பட்டியலிடும் முறை வேறு, புதிய விண்டோஸ் பட்டியலிடும் முறை வேறு. ஆகவே ஒன்றின் பட்டியலில் மற்றது வராமல் போவது இயல்பே. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளும் அதையடுத்து எண்முகவரியும் அடித்துத் திறந்து பாருங்கள். திறந்தால் அதையே டிரைவ் எழுத்தாக மேப் செய்துகொள்ளலாம். பெயரிலேயே அடைய விரும்பினால், கணினிப் பெயர் 15 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கணினிகளுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது. எக்ஸ்பி ஹோம் பதிப்பில் ஒர்க்குரூப்பின் (கணினிக் குழுவின்) பெயர் எம்எஸ்ஹோம் என்று இருக்கும். மற்றவற்றோடு ஒத்துப்போகும்படி அதை மாற்றிவிடுங்கள்.

புதிய கணினியில் அந்த இணைப்பு பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட் என மாற்றுங்கள். பழைய கணினியில் ஃபயர்வாலை முழுதாக அணைக்காமல், ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் என்ற விலக்கை மட்டும் அனுமதியுங்கள். காலாவதியான ஆன்டிவைரஸின் சொந்த ஃபயர்வால் பின்னணியில் தடுத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கோப்புப் பகிர்வு

பிங் போகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்ற நிலையில், நெட் யூஸ் கட்டளையால் இணைத்துப் பார்த்து, வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 53 என்றால் பாதை கிடைக்கவில்லை. பெயர், ஃபயர்வால் பக்கம் திரும்பிப் போங்கள். 5 என்றால் அனுமதி மறுப்பு. 1326 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. பாஸ்வேர்டே இல்லாத கணக்கின் மூலம் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் வழக்கமாக விடாது. ஆகவே பகிர்வுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்குப் பாஸ்வேர்டு கொடுத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி தாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எக்ஸ்பியும் புதிய விண்டோஸும் பேசிக்கொள்ளவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பதிப்பு. எக்ஸ்பிக்குத் தெரிந்தது முதல் பதிப்பு மட்டுமே. விஸ்டாவில்தான் இரண்டாம் பதிப்பு வந்தது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீம்பொருள் இந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை இயல்பு நிறுவலிலிருந்து படிப்படியாக நீக்கிவிட்டது. விண்டோஸ் 7க்கு இரண்டாம் பதிப்பு தெரியும் என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

எல்லாப் புதிய கணினிகளிலும் முதல் பதிப்பை இயக்கிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். தவிர்க்கவே முடியாதென்றால், ஒரே ஒரு புதிய கணினியில், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0இன் கிளையன்ட் பகுதியை மட்டும் இயக்குங்கள். சர்வர் பகுதியை இயக்காதீர்கள். பகிரும் ஃபோல்டர் பழைய கணினியில் இருக்கட்டும். புதிய கணினி அங்கே சென்று எடுத்துக்கொள்ளட்டும். அதே இடத்தில் ஆட்டோமேட்டிக் ரிமூவல் என்ற துணைப்பிரிவு தேர்வாகியிருந்தால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், மொத்தம் 15 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டதும் விண்டோஸ் அதைத் தானாக நீக்கிவிடும். சரிசெய்தது மறுபடி எப்படிக் கெட்டது என்று யாருக்கும் புரியாது.

இதைவிட நல்ல ஏற்பாடு, நடுவில் லினக்ஸும் சாம்பாவும் (விண்டோஸோடு கோப்பு பகிர உதவும் மென்பொருள்) ஓடும் ஒரு சிறு கணினியை வைப்பது. பழைய கணினி அதனோடு முதல் பதிப்பிலும், புதியவை அதே கணினியோடு புதிய பதிப்புகளிலும் பேசும். 2019இல் வந்த சாம்பா 4.11இலிருந்து எஸ்எம்பியின் முதல் பதிப்பு இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், அமைப்புக் கோப்பில் குறைந்தபட்ச நெறிமுறையை நாமே மாற்ற வேண்டும். அந்தக் கணினிக்கும் இணைய வழி கொடுக்காமல் விடுங்கள்.

வைஃபை

பழைய கணினியை முடிந்தவரை கேபிளிலேயே வையுங்கள். வைஃபைதான் என்றால் மூன்றைக் கவனித்தால் போதும்: பழைய கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, டபிள்யூபிஏ 2 என்ற வைஃபை பாதுகாப்பு முறைக்கு எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 3 (அல்லது சர்வீஸ் பேக் 2க்கான தனித் திருத்தம்) வேண்டும், டபிள்யூபிஏ 3 அவற்றுக்கு எட்டாது. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து, டபிள்யூபிஏ 2 மட்டும் கொடுத்து, 1 முதல் 11 வரையிலான சேனல் ஒன்றை நிலையாக வைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கெஸ்ட் வைஃபையில் இணைத்தால் மற்றக் கணினிகள் தெரியாது.

சரியான பின் செய்ய வேண்டியவை

இணைப்பு வந்ததும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். ரவுட்டர், சுவிட்ச், இரு கணினிகள் என எல்லாவற்றையும் முறையாக அணைத்து, மின்தடைக்குப் பின் நடப்பதுபோல ஒரே நேரத்தில் மீண்டும் இயக்கி, மேப் செய்த டிரைவ் தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள். ஒரு பில் போட்டு அச்சடித்து, அது மற்றக் கணினியின் கணக்கில் ஏறுகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். பிறகு கணினிப் பெயர், எண்முகவரி, ஷேர் ஃபோல்டரின் பாதை, சுவிட்சில் எந்தத் துளை ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாமல் கடைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள்.